340பி: சமூக மருத்துவ மையங்களின் தள்ளுபடி மருந்தைக் காக்கும் மாநில மசோதாவை எப்படி வாசிப்பது, எப்படி ஆதரித்துப் பேசுவது

அமெரிக்காவில் வருமானம் குறைந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் சமூக மருத்துவ மையங்கள், 340பி என்ற ஃபெடரல் திட்டத்தின் கீழ் மருந்துகளைத் தள்ளுபடி விலையில் வாங்குகின்றன. 2020 முதல் மருந்து உற்பத்தி நிறுவனங்கள் இந்தத் தள்ளுபடிக்குப் புதிய கட்டுப்பாடுகளை விதித்து வருகின்றன; அவற்றைத் தடுக்க மாநிலச் சட்டமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் இயற்றி வருகின்றன. அத்தகைய மையம் ஒன்றில் மருத்துவராகவோ மருந்தாளுநராகவோ நிர்வாகக் குழு உறுப்பினராகவோ இருக்கும் தமிழர்கள், தங்கள் மாநிலத்தில் இப்படியொரு மசோதா வரும்போது அதை எப்படி வாசிப்பது, சட்டமன்றக் குழுவின் முன் எப்படிப் பேசுவது என்பதை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிலச் சட்டம் மருந்தின் விலையைத் தொடக்கூடாது. மையம் வாங்கிய மருந்து எந்தக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை மட்டுமே தொட வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்டாத சட்டங்களே நீதிமன்றத்தில் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

1990இல் ஃபெடரல் அரசு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்துக்கு உற்பத்தியாளர்கள் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. வேறு எவருக்காவது அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றால் அந்த விலை மெடிக்கெய்ட்டுக்கும் பொருந்தும் என்ற விதி அதில் இருந்ததால், அதுவரை ஏழை மக்களின் மருத்துவமனைகளுக்கும் மையங்களுக்கும் தாமாகவே சலுகை கொடுத்துவந்த நிறுவனங்கள் அதை நிறுத்தத் தொடங்கின. அந்தச் சேதத்தைச் சரிசெய்யத்தான் 1992இல் பொதுச் சுகாதாரப் பணிச் சட்டத்தில் 340பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தன் மருந்துகளுக்கு மெடிக்கெய்ட் பணம் தர வேண்டும் என்று விரும்பும் உற்பத்தியாளர், பட்டியலில் உள்ள மையங்களுக்கு உச்சவரம்பு விலைக்கு மேல் விற்கக்கூடாது. பெரும்பாலான பிராண்டு மருந்துகளில் குறைந்தபட்சத் தள்ளுபடி, உற்பத்தியாளரின் சராசரி விலையில் 23.1 சதவீதம், பொதுப்பெயர் மருந்துகளில் 13 சதவீதம். பணவீக்கத்தைவிட வேகமாக விலையை ஏற்றியிருந்தால் தள்ளுபடியும் கூடும். சில மருந்துகளின் விலை ஒரு சென்ட் வரை இறங்குவதும் உண்டு.

இத்திட்டத்தில் அரசின் வரிப்பணம் நேரடியாகச் செலவாவதில்லை. மையத்துக்கு மிஞ்சும் தொகை உற்பத்தியாளரின் தள்ளுபடியிலிருந்து வருகிறது. ஃபெடரல் நிதி பெறும் சமூக மருத்துவ மையம் அந்தத் தொகையைத் தன் அங்கீகரிக்கப்பட்ட பணிகளுக்கே செலவிட வேண்டும். அத்தகைய மையத்தின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதத்தினர் அங்கே சிகிச்சை பெறும் நோயாளிகளாக இருக்க வேண்டும் என்பதும் விதி. குழுவின் முன் பேசும்போது இந்த இரண்டையும் அவசியம் சொல்லுங்கள். பல சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இவை புதிய செய்தியாகவே இருக்கும்.

பெரும்பாலான சிறிய மையங்களுக்குச் சொந்த மருந்தகம் கிடையாது. ஆகவே ஊரில் உள்ள ஒரு மருந்துக்கடையோடு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இந்த ஏற்பாடு நடக்கும் விதத்தை நுணுக்கமாகப் புரிந்துகொள்வது மிக முக்கியம். மையத்தின் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நோயாளி கடைக்குப் போகிறார். கடைக்காரர் தன் சொந்தச் சரக்கிலிருந்து 30 மாத்திரைகளைக் கொடுக்கிறார். இப்படி நான்கு சீட்டுகள் சேர்ந்ததும் கொடுத்த எண்ணிக்கை 100 மாத்திரைகள் கொண்ட ஒரு புட்டியைத் தாண்டிவிடுகிறது. அப்போது மையத்தின் கணக்கில் ஒரு புட்டி 340பி விலைக்கு வாங்கப்பட்டு, கடையின் அலமாரியில் குறைந்ததை ஈடுசெய்ய அங்கே அனுப்பப்படுகிறது. பில் மையத்துக்கு, சரக்கு கடைக்கு.

பணக் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மருந்தின் பட்டியல் விலை 500 டாலர், 340பி விலை 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு உள்ள நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் 480 டாலர் தருகிறது. கடைக்குச் சேவைக் கட்டணம் 30 டாலர் போகிறது. மையத்துக்கு 150 டாலர் மிஞ்சுகிறது. அதே மருந்து காப்பீடு இல்லாத ஒருவருக்குத் தேவைப்படும்போது, 300 டாலர் விலையையும் அவரால் கொடுக்க முடியாவிட்டால், முன்பு மிஞ்சிய தொகையைக் கொண்டு அவருக்குச் சொற்பக் கட்டணத்தில் கொடுக்க முடிகிறது. உற்பத்தியாளர் அந்தக் கடைக்குத் தள்ளுபடிச் சரக்கை அனுப்ப மறுத்தால், காப்பீடு உள்ளவரிடமிருந்து மிஞ்சும் 150 டாலரும் போகிறது. காப்பீடு இல்லாதவரின் முன் 500 டாலர் பில் வந்து நிற்கிறது.

2020இல் நடந்தது இதுதான். அதற்கு முன், 1996இன் வழிகாட்டுதல்படி சொந்த மருந்தகம் இல்லாத மையம் ஒரே ஒரு கடையோடு ஒப்பந்தம் செய்யலாம். 2010இல் எத்தனை கடைகளோடும் செய்யலாம் என்று ஃபெடரல் அரசு அனுமதித்தது. 2020இன் பிற்பாதியில் எலி லில்லி, அஸ்ட்ராசெனிகா, சனோஃபி, நோவார்ட்டிஸ் ஆகிய நிறுவனங்கள் கட்டுப்பாடுகளைத் தொடங்கின. பின்னர் 30க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்கள் அதே வழியில் போயினர். சிலர் ஒரு கடைக்கு மட்டுமே அனுப்புவோம் என்றனர். சிலர் ஒவ்வொரு சீட்டின் விவரத்தையும் தங்கள் இணையத் தளத்தில் பதிவேற்ற வேண்டும் என்றனர். ஃபெடரல் அரசு இதை எதிர்த்தது. ஆனால் 2023 ஜனவரியில், பிராந்திய வாரியாகப் பிரிக்கப்பட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான மூன்றாம் வட்ட நீதிமன்றமும், 2024 மே மாதத்தில் வாஷிங்டன் டி.சி. வட்ட நீதிமன்றமும் உற்பத்தியாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. எத்தனை கடைகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது பற்றி 340பி சட்டம் எதுவும் சொல்லவில்லை என்பதே அத்தீர்ப்புகளின் சாரம். உற்பத்தியாளர் மேல் மையங்கள் தாமே வழக்குப் போடவும் முடியாது; அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் 2011இல் சாண்டா கிளாரா மாவட்ட வழக்கில் மூடிவிட்டது. மாநிலச் சட்டமன்றத்தின் வாசலுக்கு மையங்கள் வந்து நிற்பது இதனால்தான்.

ஃபெடரல் சட்டத்தின் அதே மௌனம் மாநிலங்களுக்கு வழிவிட்டது. ஆர்கன்சா மாநிலம் 2021இல் 1103ஆம் சட்டத்தை இயற்றி, ஒப்பந்த மருந்தகங்களுக்குத் தள்ளுபடி மருந்து போய்ச் சேருவதை உற்பத்தியாளர்கள் தடுக்கக்கூடாது என்றது. மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2024 மார்ச் 12 அன்று எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மருந்தகத் தொழிலை முறைப்படுத்துவது காலங்காலமாக மாநிலங்களின் வேலை. விநியோகம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பேசாமல் விட்ட இடத்தில் மாநிலம் பேசலாம். ஆர்கன்சா சட்டம் விலையை நிர்ணயிக்கவில்லை என்பவை அதன் காரணங்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2023இல் லூசியானாவும், 2024இல் மிசிசிப்பி, மேரிலாந்து, மினசோட்டா, மிசூரி, கான்சஸ், மேற்கு வர்ஜீனியா ஆகியவையும் இப்படிச் சட்டம் செய்தன. 2025இல் மேலும் பல மாநிலங்கள் சேர்ந்தன.

மசோதாவை வாசிக்கும் முறை

மசோதாவின் தலைப்பையும் முன்னுரையையும் விரைவாகக் கடந்து, வரையறைப் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். '340பி நிறுவனம்' என்று யாரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சில மசோதாக்கள் ஃபெடரல் பட்டியலில் உள்ள அனைவரையும் சேர்க்கும். சில, பேரம் பேசிப் பேசி, பெரிய மருத்துவமனைகளை நீக்கிவிடும். சில மசோதாக்களில் உங்கள் மையம் போன்றதே தவறுதலாக விடுபட்டிருக்கும். ஹெச்.ஐ.வி. சிகிச்சைக்கு ரயன் ஒயிட் திட்ட நிதி பெறும் மையங்களும், காசநோய், பால்வினை நோய் மையங்களும், குடும்பநல மையங்களும் ஃபெடரல் பட்டியலில் உண்டு. மாநில வரையறை, ஃபெடரல் பிரிவைச் சுட்டிக்காட்டி அதன்படியே எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

அடுத்து, தடை விதிக்கும் வாக்கியத்துக்கு வாருங்கள். இதை ஒரு தாளில் எழுதி வைத்து வினைச்சொற்களை அடிக்கோடிட்டுப் படிப்பது நல்லது. 'மருந்தைப் பெறுவதையோ, மையத்தின் சார்பில் மருந்தகத்தில் சேர்ப்பிப்பதையோ உற்பத்தியாளர் மறுக்கவோ, கட்டுப்படுத்தவோ, நிபந்தனைக்கு உட்படுத்தவோ, குறுக்கிடவோ கூடாது' என்ற வகையில் வாக்கியம் இருந்தால் அது விநியோகத்தைப் பற்றிப் பேசுகிறது. 'உற்பத்தியாளர் 340பி விலையை வழங்க வேண்டும்' என்று இருந்தால் அது விலையைப் பற்றிப் பேசுகிறது; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சேர்ப்பித்தல் என்ற சொல்லோடு 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்த விநியோகஸ்தர் வழியாக மறுப்பதும் மறுப்புத்தான். ஃபெடரல் சுகாதாரத் துறை தடைசெய்துள்ள இடங்களில் இந்தப் பிரிவு பொருந்தாது என்ற விலக்கும், பாதுகாப்புக் காரணங்களுக்காக விநியோகமே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு விலக்கும் பல மசோதாக்களில் இருக்கும். அவற்றை எதிர்க்காதீர்கள், ஃபெடரல் சட்டத்தோடு மோதல் வராமல் காப்பவை அவைதாம்.

விவரங்கள் கேட்பது பற்றிய பிரிவு மிகவும் சிக்கலானது. சீட்டு விவரங்களைப் பதிவேற்றினால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனை சிறிய மையங்களுக்குப் பெரும் சுமை. ஒரே மருந்தாளுநர் உள்ள இடத்தில் அந்த வேலையை யார் செய்வது? ஆகவே அதைத் தடை செய்ய வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் மையங்களைத் தணிக்கை செய்யும் உரிமையை ஃபெடரல் சட்டமே உற்பத்தியாளருக்குக் கொடுத்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் சட்டம் விவரம் கேட்பதையும் தடைசெய்தது. 2024 டிசம்பரில் அங்குள்ள ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் அச்சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, விவரத் தடை ஃபெடரல் தணிக்கை முறைக்குக் குறுக்கே நிற்கிறது என்பதையும் ஒரு காரணமாகக் கொண்டது. என் கருத்தில், ஒரு பிரிவு முழுச் சட்டத்தையும் ஆபத்தில் தள்ளுமானால் அதை விட்டுவிடுவதே நல்லது. அப்படியே வைத்துத்தான் தீருவோம் என்றால், 'ஃபெடரல் சட்டம் கோரும் விவரங்கள் நீங்கலாக' என்ற வரம்பும், ஒரு பிரிவு செல்லாமற்போனாலும் மற்றவை நிற்கும் என்ற பாதுகாப்புப் பிரிவும் உடன் இருக்க வேண்டும்.

நடைமுறைப்படுத்தும் பிரிவு இல்லாத சட்டம் வெறும் அறிவிப்பு. யாரிடம் புகார் செய்வது, என்ன தண்டனை, எவ்வளவு காலத்தில் முடிவு என்ற மூன்றையும் தேடுங்கள். ஆர்கன்சாவில் காப்பீட்டுத் துறையிடம் பொறுப்பு இருக்கிறது. லூசியானாவிலும் மிசிசிப்பியிலும் அட்டர்னி ஜெனரலிடம். மேற்கு வர்ஜீனியாவின் சட்டம் ஒரு மீறலுக்கு 50,000 டாலர் அபராதம் என்றது. அபராதம் பெரிதாக இருப்பது கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் தண்டனை விநியோக மறுப்புக்கானதாக இருக்க வேண்டும். தள்ளுபடி சரியாகக் கணக்கிடப்பட்டதா, நோயாளி தகுதியுடையவரா என்று மாநில அதிகாரி முடிவுசெய்யும்படி இருந்தால், ஃபெடரல் அரசுக்கே உரிய வேலையில் மாநிலம் நுழைந்துவிட்டது என்ற வாதத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

கடைசியாக, மருந்துப் பயன் மேலாண்மை நிறுவனங்களைப் பற்றிய பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டுக்கும் மருந்தகத்துக்கும் இடையில் நிற்கும் இந்நிறுவனங்கள், 340பி மருந்து என்று தெரிந்ததும் குறைவாகப் பணம் கொடுத்தால், தள்ளுபடி மையத்திலிருந்து அவர்கள் கைக்கு மாறிவிடும். இதைத் தடுக்கும் சட்டம் பல மாநிலங்களில் ஏற்கெனவே உண்டு. உங்கள் மாநிலத்தில் இருந்தால் மீண்டும் சேர்க்க வேண்டியதில்லை.

பேசுவதற்கு முன் திரட்ட வேண்டியவை

உங்கள் மாநிலத்தின் சமூக மருத்துவ மையங்களுக்கான சங்கத்தை முதலில் தொடர்புகொள்ளுங்கள். மசோதாவின் எண், அதை முன்மொழிந்தவர், எந்தக் குழுவில் இருக்கிறது, விசாரணை நாள் எது என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கும். பல மாநிலச் சட்டமன்றங்கள் ஜனவரியில் கூடிக் கோடைக்குள் முடித்துவிடும். விசாரணை அறிவிப்பு ஓரிரு நாள் முன்புதான் வரக்கூடும் என்பதால் தயாரிப்பை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

பிறகு உங்கள் மையத்தின் கணக்கைத் திறந்து உட்காருங்கள். கட்டுப்பாட்டுக்கு முன் எத்தனை ஒப்பந்த மருந்தகங்களில் தள்ளுபடிச் சரக்கு கிடைத்தது, இப்போது எத்தனையில் கிடைக்கிறது. எந்த மருந்துகள் மறுக்கப்படுகின்றன. ஓராண்டில் இழந்த தொகை எவ்வளவு. அந்தத் தொகை முன்பு எதற்குச் செலவாயிற்று என்ற நான்குக்கும் பதில் வேண்டும். நான்காவதுதான் எடுபடும். 'எங்களுக்கு இத்தனை டாலர் நஷ்டம்' என்பதைவிட, 'பல் மருத்துவர் வாரத்தில் ஐந்து நாள் வந்தார், இப்போது இரண்டு நாள் வருகிறார்' என்பது கேட்பவர் மனத்தில் தங்கும். மொத்த விநியோகஸ்தரின் இணையத் திரையில் 340பி விலை மறுக்கப்பட்ட ஆர்டரின் அச்சுப் பிரதி ஒன்று கையில் இருந்தால், அது பத்துப் பக்க அறிக்கைக்குச் சமம். எல்லா ஆவணங்களிலிருந்தும் நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிடுங்கள். நோயாளி ஒருவர் தாமே வந்து பேசச் சம்மதித்தால், எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஃபெடரல் மானியப் பணத்தைச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டச் செலவிடக்கூடாது. அந்த நேரத்துக்கான சம்பளமும் பயணச் செலவும் வேறு நிதியிலிருந்து போக வேண்டும். அதற்கான பதிவும் இருக்க வேண்டும். லாப நோக்கற்ற நிறுவனங்கள் வரம்புக்குள் இப்பணியைச் செய்யச் சட்டம் இடம் தருகிறது, ஆகையால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும். வேலை விசாவிலோ பச்சை அட்டையிலோ இருக்கும் நம்மவர்கள், வாக்குரிமை இல்லாததால் பேசக்கூடாது என்று நினைத்துக்கொள்வதுண்டு. சட்டமன்றக் குழுவின் முன் கருத்துச் சொல்ல வாக்காளராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

குழுவின் முன்

பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் கிடைக்கும். பெயர், பணி, ஊர், மசோதா எண், ஆதரவு என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வாருங்கள். இப்படித் தொடங்கலாம்: 'எங்கள் மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கும் நோயாளிகளுக்கு அருகிலுள்ள மருந்துக்கடை எங்களோடு ஒப்பந்தம் செய்த கடை. அங்கே தள்ளுபடிச் சரக்கு நின்றுபோனதால், இன்சுலினுக்காக அவர்கள் எங்கள் மையம் வரை வண்டி ஓட்டி வர வேண்டியிருக்கிறது. வண்டி இல்லாதவர்கள் வாங்காமலே இருந்துவிடுகிறார்கள்.' இதன்பின் ஓர் எண், அந்த எண் எதற்குச் செலவாயிற்று என்ற ஒரு வாக்கியம், 'இந்த மசோதா விலையை மாற்றவில்லை, எங்கள் மருந்து எங்கள் நோயாளியின் ஊருக்கு வருவதை உறுதிசெய்கிறது' என்ற ஒரு வாக்கியம். அவ்வளவு போதும். உற்பத்தியாளர்களின் பேராசை பற்றிய பேச்சைத் தவிருங்கள். புதிய மருந்தால் உயிர் பிழைத்த உறவினர் ஒருவராவது குழுவில் யாருக்கேனும் இருப்பார்.

எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். அவர்களின் வலுவான வாதம், இந்தத் தள்ளுபடியின் பெரும்பங்கு பெரிய மருத்துவமனைகளுக்குப் போகிறது, அது ஏழைகளைச் சென்றடைவதற்கு உத்தரவாதம் இல்லை என்பதாகும். முதல் பாதி உண்மை. 2023இல் 340பி விலையில் வாங்கப்பட்ட மருந்தின் மொத்த மதிப்பு சுமார் 66 பில்லியன் டாலர். அதில் சமூக மருத்துவ மையங்களின் பங்கு சிறிது, மருத்துவமனைகளின் பங்கு மிகப் பெரிது. இதை மறுக்காமல், சமூக மையங்களுக்குச் செலவுக் கட்டுப்பாடு ஏற்கெனவே உள்ளதைச் சொல்லி, வருடாந்திரக் கணக்கைப் பொதுவில் வைக்க நீங்கள் தயார் என்றும் சொல்லுங்கள். மினசோட்டா இப்படிக் கணக்குக் கேட்டுச் சட்டம் செய்து, 2023ஆம் ஆண்டில் அம்மாநில நிறுவனங்களுக்கு இத்திட்டத்தால் குறைந்தது 630 மில்லியன் டாலர் நிகர வருவாய் கிடைத்ததாக 2024இல் அறிக்கை வெளியிட்டது. வெளிப்படையாகக் கணக்குக் காட்டுவது சிறிய மையங்களுக்குக் கெடுதல் செய்யாது. உண்மையில் அவற்றின் கை அங்கேதான் ஓங்குகிறது.

ஒரே மருந்துக்கு 340பி தள்ளுபடியும் மெடிக்கெய்ட் தள்ளுபடியும் இரட்டையாகப் போய்விடும் என்பது இன்னொரு வாதம். அதை ஃபெடரல் சட்டம் ஏற்கெனவே தடைசெய்கிறது. மாநில நிதித் துறையின் செலவு மதிப்பீட்டுக் குறிப்பு இந்த இடத்தில்தான் மசோதாவைக் கவிழ்க்கும் என்பதால், விசாரணைக்கு முன்பே அந்தக் குறிப்பைக் கேட்டுப் பெற்றுப் படித்துவிடுங்கள்.

சட்டம் நிறைவேறிய பின்

ஆளுநர் கையெழுத்திட்டதும் வழக்கு வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். சட்டம் அமலுக்கு வரும் நாளிலிருந்து மறுக்கப்படும் ஒவ்வோர் ஆர்டருக்கும் தேதி, மருந்து, அளவு, கடை, உற்பத்தியாளர், கிடைத்த பதில் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பொறுப்புள்ள துறை விதிகளை வகுக்கும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்கும். புகார்ப் படிவம் எளிமையாக இருப்பதும், முடிவுக்குக் காலவரம்பு இருப்பதும் அங்கேதான் தீர்மானமாகும், ஆகவே அந்தக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். உங்கள் மாநிலம் எந்த வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வட்டத்தில் உள்ள மிசூரிக்கோ மினசோட்டாவுக்கோ ஆர்கன்சா தீர்ப்பு கட்டாய முன்னுதாரணம்; வேறு வட்டங்களில் அது துணைச் சான்று மட்டுமே.

உற்பத்தியாளர்கள் வடிவத்தை மாற்றவும் முயல்வார்கள். முன்கூட்டியே தள்ளுபடி தராமல், முழு விலைக்கு விற்றுப் பின்னர் திருப்பிக் கொடுக்கிறோம் என்று ஜான்சன் அண்ட் ஜான்சன் 2024 ஆகஸ்டில் இரண்டு மருந்துகளுக்கு மருத்துவமனைகளிடம் அறிவித்து, ஃபெடரல் அரசு எதிர்த்ததால் அடுத்த மாதமே பின்வாங்கி, பின்னர் நீதிமன்றம் போனது. கையிருப்புப் பணம் குறைந்த ஒரு மையம் முழு விலையை முன்னதாகக் கட்டிவிட்டுக் காத்திருக்க முடியாது. உங்கள் சட்டம் இந்த முறையைப் பற்றிப் பேசுகிறதா, பேசாவிட்டால் அடுத்த கூட்டத்தொடரில் ஃபெடரல் சட்டத்தோடு மோதாமல் எந்த அளவு பேச முடியும் என்பதைச் சங்கத்தின் வழக்கறிஞரோடு இப்போதே விவாதிக்கத் தொடங்குங்கள்.